162 ஆட்டமும் பார்க்காமல் ஒரு பேஸ்பால் சீசனைப் பின்தொடர்வது எப்படி

முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: எல்லா ஆட்டத்தையும் நீங்கள் பார்க்கப்போவதில்லை. வேலைவெட்டி உள்ள யாரும் பார்ப்பதில்லை. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒரு மேஜர் லீக் அணி 162 ஆட்டம் ஆடுகிறது. வாரத்துக்கு ஆறு, சில வாரம் ஏழு. ஐபிஎல் லீக் சுற்றில் அணிக்கு 14 ஆட்டம் என்று பழகிப்போன நமக்கு இந்த எண் அச்சுப்பிழை மாதிரிதான் தெரியும். வேலை கிடைத்து சியாட்டில் வந்து சேர்ந்த என் அக்கா மகன் கேட்டான்: "தினமும் மேட்ச்னா, அதுல ஒண்ணைப் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன சித்தி?"

நியாயமான கேள்வி. ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சீசனின் சுவாரசியமே ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. நேற்று யார் எத்தனை பந்து வீசினார், இன்று யாருக்கு ஓய்வு, நாளைக்கு யாரைக் கீழ் லீக்குக்கு அனுப்புவார்கள் என்பதுதான் கதை. அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

நான் வருமான வரிக் கணக்குப் பார்க்கிறவள். அமெரிக்க வரிக் கெடுவான ஏப்ரல் 15 வரை எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அதனால் சீசனின் ஆரம்ப வாரங்கள் எந்த வருடமும் எனக்குக் கிடைத்ததில்லை. சியாட்டில் மாரினர்ஸ் அணியை வருடக்கணக்காக அப்படித்தான் பின்தொடர்கிறேன். ஏப்ரலைப் பார்க்காததால் அக்டோபரில் எதுவும் புரியாமல் போனதில்லை.

ஒரே ஓர் அணி

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கிலும் ஐந்து ஐந்து அணிகளாக மூன்று டிவிஷன். முப்பதையும் தெரிந்துகொள்ளக் கிளம்பினால் மே மாதத்திலேயே அலுத்துவிடும். ஒன்றை எடுங்கள். நீங்கள் இருக்கும் ஊர் அணியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆட்ட நேரம் உங்கள் தினசரி வாழ்க்கையோடு ஒத்துப்போகும் அணியாக இருக்கட்டும். சியாட்டிலில் மாலை 6:40க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவில் மறுநாள் காலை 7:10. காப்பியோடு பார்க்கலாம். நியூயார்க்கின் மாலை 7:05 ஆட்டத்துக்கு விடியற்காலை 4:35க்கு அலாரம் வைக்க வேண்டும். அணியின் வரலாறு, சீருடை, நட்சத்திர வீரர் என்று யோசிப்பதைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

ஜெயிக்கிற அணியைத்தான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. 2025 முடிந்தும், இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதியான உலகத் தொடரில் ஒரு முறைகூட ஆடாத ஒரே அணி மாரினர்ஸ்தான். எங்களுக்கும் பொழுது போகிறது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் சந்தா கட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். லீக்கின் பொதுவான ஸ்ட்ரீமிங் சந்தாவில் உங்கள் உள்ளூர் அணியின் ஆட்டம் நேரலையாக வராது. உள்ளூர் ஒளிபரப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஜிப் கோடைப் போட்டு எந்தெந்த அணி தடைபடும் என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். என்னைக் கேட்டால் வானொலி ஒலிபரப்பே போதும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். பேஸ்பாலில் பந்துக்கும் பந்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஒரு நல்ல வர்ணனையாளர் நேற்றைய கதை, போன வாரக் கதை எல்லாம் சொல்லிவிடுவார். 2023இல் பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்தபிறகு அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கிவிட்டது. பேட் செய்யும் அணியின் ஆட்கள் பேஸில் (ரன் எடுக்க ஓடி நிற்கும் இடங்களில்) இல்லாதபோது பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், 15 நொடிக்குள் வீச வேண்டும். பேஸில் ஆள் இருந்தால் இப்போது 18 நொடி. மூன்று மணி நேரத்தைத் தாண்டி இழுத்த ஆட்டங்கள் இப்போது பெரும்பாலும் இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகின்றன. ராத்திரி பத்து மணிக்குள் படுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல விதி வந்ததில்லை.

தொடர் தொடராகப் பாருங்கள்

ஒரே எதிரணியோடு மூன்று நாள், சில சமயம் நான்கு நாள் சேர்ந்தாற்போல் ஆடுவார்கள். அதுதான் ஒரு தொடர். உங்கள் அலகு இதுதான். 'நேற்று தோற்றார்கள்' என்பது செய்தியே இல்லை. 'மூன்றில் இரண்டு போயிற்று' என்பதுதான் செய்தி.

கணக்கு எளிது. ஒவ்வொரு தொடரிலும் மூன்றுக்கு இரண்டு ஜெயித்தால் சீசன் முடிவில் 108 வெற்றி. அது அபாரமான அணி. சொந்த மைதானத்தில் மூன்றுக்கு இரண்டும் வெளியூரில் மூன்றுக்கு ஒன்றும் ஜெயித்தால் சரிபாதி, 81. ப்ளே ஆஃபுக்குப் போகும் அணி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். எந்த அணியும் மூன்றில் ஒரு பங்கு ஜெயிக்கும், மூன்றில் ஒரு பங்கு தோற்கும், மிச்சம் உள்ள ஒரு பங்கில்தான் எல்லாம் என்று பேஸ்பாலில் பழைய பேச்சு ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில்தான் உண்மையும் இருக்கிறது. 2001 மாரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. அந்த அணிகூட 46 முறை தோற்றது. 2024 சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. அந்த அணியும் 41 நாள் கைகொடுத்து வாழ்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனது.

தொடரின் கடைசி நாள் ஆட்டம் பல சமயம் மதியத்தில் இருக்கும். அன்று சாயங்காலமே விமானம் பிடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இதை கெட்அவே டே என்பார்கள். முந்தைய ராத்திரி ஆடிவிட்டு மறுநாள் மதியமும் ஆடுவதால் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் முதல் கேட்சருக்கு ஓய்வு கொடுத்து இரண்டாவது கேட்சரை நிறுத்துவார்கள். வயதான ஆட்கள் ஒன்றிரண்டு பேர் பெஞ்சில் உட்காருவார்கள். அன்றைய ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். நாட்டின் வடமேற்கு மூலையில் கிடக்கும் சியாட்டில் மாதிரி அணிக்குப் பயணம் கூடுதல். பக்கத்து ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு மேஜர் லீக் அணியும் இல்லை.

புல்பென் தாள்

இந்த ஒரு பழக்கம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை ஸ்டார்ட்டர் என்பார்கள். ஐந்து பேர் முறை வைத்து வருவார்கள், அதுதான் ரொட்டேஷன். ஒருவருடைய முறை ஐந்து ஆறு நாளைக்கு ஒரு தடவை. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் அவர் ஐந்து ஆறு இன்னிங்ஸ் போட்டுவிட்டு உட்கார்ந்தபின் வருகிறவர்கள் ரிலீவர்கள். அவர்கள் காத்திருக்கும் இடம் புல்பென். அணியின் 26 பேரில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஆக ஸ்டார்ட்டர் ஐந்து போக ரிலீவர் எட்டு. அந்த எட்டுப் பேருடைய கைகள்தான் சீசன்.

கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுங்கள். இடது ஓரத்தில் எட்டுப் பெயர். மேலே ஏழு நாள். ஆட்டம் முடிந்ததும் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஆட்டத்தின் எண் விவரப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பிட்சருக்கும் எதிரே 21-14 என்கிற மாதிரி இரண்டு எண் இருக்கும். 21 பந்து வீசினார், அதில் 14 ஸ்ட்ரைக், அதாவது பேட்டருக்கு எதிராகக் கணக்கானவை. முதல் எண்ணை மட்டும் கட்டத்தில் எழுதுங்கள். வீசாத நாளைக் காலியாக விடுங்கள். நான் பென்சிலில் எழுதுவேன். 25க்கு மேல் போனால் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை.

இனி தாளை எப்படிப் படிப்பது? அடுத்தடுத்து இரண்டு நாள் வீசியவர் மூன்றாம் நாள் வருவது அபூர்வம். வட்டம் போட்டவர் மறுநாள் வரமாட்டார், பல சமயம் அதற்கும் மறுநாள்கூட. நான்கு ஐந்து நாள் கட்டம் காலியாகவே கிடந்தால், அவருக்கு வலி இருக்கிறது, அல்லது மேனேஜருக்கு (தலைமைப் பயிற்சியாளருக்கு) அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது, அல்லது ஆட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போன நேரத்துக்காக அவரை வைத்திருக்கிறார்கள்.

ஓர் உதாரணம். வெள்ளிக்கிழமை உங்கள் ஸ்டார்ட்டர் நான்காவது இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் வெளியேறுகிறார். ஒரு ரிலீவர் 38 பந்து, இன்னொருவர் 22, மூன்றாமவர் 17. ஆட்டம் தோல்வி. முன்னிலையைக் காக்க வரும் இரண்டு பெரிய கைகளுக்கும், அதாவது எட்டாவது இன்னிங்ஸ் ஆளுக்கும் ஒன்பதாவது இன்னிங்ஸ் குளோசருக்கும் அன்று வேலை இல்லை. சனிக்கிழமை 4-3 வெற்றி. எட்டாவது ஆள் 16, குளோசர் 21. ஞாயிறு 5-4 வெற்றி, 19, 13. திங்கள் புதிய ஊர், புதிய தொடர். எட்டாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலை. புல்பென் கதவு திறக்கிறது, ஓடிவருகிறவர் அன்று காலைதான் கீழ் லீக்கிலிருந்து வந்த பையன். இரண்டு ரன் கொடுத்துத் தோற்கிறார்கள். இணையம் முழுக்க 'மேனேஜருக்கு மூளை இருக்கா?' என்று கத்தல். உங்கள் தாளைப் பாருங்கள்: பெரிய கைகள் இரண்டும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வீசியவை. திங்கட்கிழமைத் தோல்வி வெள்ளிக்கிழமை நான்காவது இன்னிங்ஸிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் ருசி. தொடர் தொடங்குமுன் எதிரணியின் கடைசி மூன்று நாள் பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்து அவர்களுக்கும் ஒரு தாள் போடுங்கள். பேட்டர் ஒருவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே ஃபவுல், ஃபவுல் என்று தட்டித் தட்டிப் பத்துப் பந்து தின்றுவிட்டுக் கடைசியில் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார். புதிதாய் வந்தவர் உச்சுக்கொட்டுவார். பக்கத்து இருக்கைப் பெரியவர் கை தட்டுவார். அந்தப் பத்துப் பந்தால் ஸ்டார்ட்டர் ஓர் இன்னிங்ஸ் முன்னாலேயே வெளியேறினால், எதிரணி புல்பென்னில் இன்று ஒரு கட்டம் கூடுதலாக நிரம்பும். அதன் பலன் ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

2020 முதல் இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. உள்ளே வந்த ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டரையாவது எதிர்கொள்ள வேண்டும், அல்லது எதிரணியின் அந்த இன்னிங்ஸ் முடியும்வரை வீச வேண்டும். முன்பெல்லாம் ஒரே ஒரு பேட்டருக்காக ஓர் ஆளை அனுப்பிவிட்டு உடனே மாற்றுவார்கள். அது போனதால் கட்டங்களில் சின்ன எண்கள் குறைந்துவிட்டன.

ஐ-5 நெடுஞ்சாலையில் போகிறவர்கள், வருகிறவர்கள்

தாளில் ஒரு பெயர் திடீரென்று மாறும். நேற்று 38 பந்து வீசிய பையனை இன்று காணோம்; புதுப் பெயர் ஒன்று. பையன் தவறு எதுவும் செய்யவில்லை. மூன்று நாள் அவரைப் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். 'ஆப்ஷன்' பாக்கி இருக்கும் இளம் வீரரை அணி கீழ் லீக்குக்கு அனுப்பலாம், திரும்ப அழைக்கலாம். மாரினர்ஸின் ட்ரிபிள்-ஏ அணி, அதாவது மேஜர் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படி அணி, பக்கத்து டகோமாவில் இருப்பதால் இதெல்லாம் ஐ-5 சாலையில் முடிகிற காரியம். சில அணிகளுக்கு இதே வேலைக்கு விமானம் பிடிக்க வேண்டும்.

முன்பு ஒரே ஆளை நாய்படாத பாடு படுத்துவார்கள். வாராவாரம் மேலும் கீழும் அலைய வேண்டியதுதான். 2022 முதல் ஒரு சீசனில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் அப்படி அனுப்பக்கூடாது என்று விதி வந்தது. அனுப்பிய பிட்சர் குறைந்தது 15 நாள் கீழே இருக்க வேண்டும். மேலே யாராவது காயம்பட்டால் மட்டும் விலக்கு. காயம்பட்டவர்கள் இஞ்சர்ட் லிஸ்டுக்குப் போவார்கள்: பிட்சருக்குக் குறைந்தது 15 நாள், மற்றவர்களுக்கு 10 நாள், பெரிய காயத்துக்கு 60 நாள். '60 நாள்' என்று பார்த்தால் அவரை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். டிஎஃப்ஏ (டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்) என்று செய்தியில் வந்தால், 26 பேரையும் உள்ளடக்கிய அணியின் 40 பேர் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஏழு நாளைக்குள் அவரை இன்னோர் அணிக்கு மாற்ற வேண்டும், விடுவிக்க வேண்டும், அல்லது வேறு யாரும் எடுக்காவிட்டால் கீழ் லீக்குக்கு அனுப்ப வேண்டும்.

அணியின் 'டிரான்ஸாக்‌ஷன்ஸ்' பக்கத்தைக் காலையில் ஒரு நிமிடம் பாருங்கள். ஹைலைட் வீடியோவை எல்லாம்விட எனக்கு அது பிடிக்கும்.

பட்டியலை வலது பக்கத்திலிருந்து படியுங்கள்

மே கடைசி வரை ஸ்டாண்டிங்ஸ் பட்டியலை, அதாவது அணிகளின் வெற்றி தோல்விப் பட்டியலைத் திறக்காதீர்கள் என்பேன். 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19 ஜெயித்து 31 தோற்றது. அந்த வருட உலகத் தொடரை வென்றதும் அதே அணிதான்.

திறக்கும்போது வெற்றிக் கட்டத்தை விடுங்கள். தோல்விக் கட்டத்தைப் பாருங்கள். மழை, ஓய்வு நாள் என்று அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. ஆடாத ஆட்டத்தை இனிமேல் ஜெயித்துக்கொள்ளலாம். தோற்ற ஆட்டம் தோற்றதுதான்.

'கேம்ஸ் பேக்' என்பது எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்பது. வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும். முன்னணி 70-50, நீங்கள் 66-53 என்றால், 4 கூட்டல் 3, இரண்டால் வகுத்தால் மூன்றரை. வாரத்துக்கு ஓர் ஆட்டம் பிடித்தாலே பெரிய விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினைந்து ஆட்டம் முன்னிலை என்றாலும் ஜூலையில் கொண்டாட வேண்டாம். 2025இல் டெட்ராய்ட் டைகர்ஸ் ஒரு கட்டத்தில் கிளீவ்லாந்து கார்டியன்ஸைவிடப் பதினைந்தரை ஆட்டம் முன்னால் நின்றது. டிவிஷனை வென்றது கிளீவ்லாந்து.

செப்டம்பரில் 'மேஜிக் நம்பர்' என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். முன்னணி அணி இடத்தை உறுதி செய்ய இன்னும் எத்தனை தேவை என்பது அது. 163இலிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும், துரத்தும் அணியின் தோல்விகளையும் கழியுங்கள். முன்னணிக்கு 86 வெற்றி, துரத்துபவருக்கு 72 தோல்வி என்றால் 163 - 86 - 72 = 5. முன்னணி ஜெயித்தாலும் துரத்துபவர் தோற்றாலும் ஒவ்வொன்றாகக் குறையும். சமநிலையில் யாருக்குச் சாதகம் என்று ஏற்கெனவே முடிவாகி, அது முன்னணி அணியின் பக்கம் இருந்தால் 162இலிருந்து கழிக்கலாம்.

இன்னொரு கட்டத்தையும் பாருங்கள்: ரன் வித்தியாசம். எடுத்த ரன், கொடுத்த ரன், கழித்தல். அணி உண்மையில் எவ்வளவு நல்ல அணி என்பதற்கு வெற்றி தோல்வியைவிட இது நம்பகமான சாட்சி. 2021 மாரினர்ஸ் 90 ஆட்டம் ஜெயித்தது. ரன் வித்தியாசமோ மைனஸ் 51. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 33-19 என்று தப்பித்துக்கொண்டே வந்தார்கள். தணிக்கைக்குப் போனால் நிற்காத கணக்கு. ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனாலும் ப்ளே ஆஃபுக்கு இரண்டு ஆட்டம் குறைந்தது.

ஜூலை கடைசி வாரம்

மாதத்தின் நடுவில் ஆல் ஸ்டார் ஆட்டம். நான்கு நாள் சீசன் நிற்கும். துணி மடிக்க நல்ல நேரம். அதற்குப் பின் வரும் டிரேட் கெடுதான், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்தான் முக்கியம். ஜூலை 31ஐ ஒட்டி வரும். அன்று வரை அணிகள் 'வாங்குகிறோமா, விற்கிறோமா' என்று முடிவெடுக்க வேண்டும். உங்கள் அணி வாங்கினால் அடுத்த இரண்டு மாதம் பார்க்கலாம். விற்றால், தாளை மடித்து வைத்துவிட்டு இளம் வீரர்களை மட்டும் பாருங்கள்.

வாங்குவது என்றால் பெரிய பெயர் என்று நினைக்க வேண்டாம். 2021 அட்லான்டா பிரேவ்ஸில் நட்சத்திர வீரர் ரோனல்ட் அக்குன்யா ஜூலையில் முழங்கால் கிழிந்து உட்கார்ந்தார். அணி அதுவரை சரிபாதிக்கு மேலே ஒரு நாள்கூடப் போகவில்லை. நான்கு அவுட்ஃபீல்டர்களை அந்த மாதமே வாங்கிப் போட்டார்கள். அதில் எடி ரொசாரியோ லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர். ஹோர்ஹே சோலேர் உலகத் தொடரின் சிறந்த வீரர். கோப்பையும் வந்தது. 2025 ஜூலையில் அரிசோனாவிலிருந்து ஜாஷ் நெய்லரையும் யூஹேனியோ சுவாரெஸையும் மாரினர்ஸ் வாங்கியது. ஆகஸ்டில் சுவாரெஸ் தடவிக்கொண்டிருக்கிறார் என்று ஊரில் முணுமுணுப்பு. அக்டோபர் 17 அன்று டொரான்டோவுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த கிராண்ட் ஸ்லாமுக்கு (மூன்று பேஸிலும் ஆள் இருக்க அடிக்கும் நான்கு ரன் ஹோம் ரன்) பிறகு முணுமுணுத்த ஒருவரையும் காணவில்லை.

ஆகஸ்டைத் தாக்குப்பிடிப்பதுதான் ரசிகர்களுக்குக் கஷ்டம். வெயில், களைப்பு, காயம். அந்த 2025 ஆகஸ்டில் கிழக்குக் கடற்கரைப் பயணத்தில் மாரினர்ஸ் பிலடெல்பியாவில் மூன்று ஆட்டத்தையும் கொடுத்துவிட்டு வந்தது. அன்றைக்கு டிவிஷன் போயிற்று என்று பலரும் எழுதிவிட்டார்கள்.

செப்டம்பர், அக்டோபர்

செப்டம்பர் 1 முதல் அணியில் 28 பேர், பிட்சர்கள் 14. உங்கள் தாளில் ஒரு வரி கூடும். இந்த மாதத்தில் ஒரு தொடர், மற்றத் தொடர்களைப்போல இருக்காது: டிவிஷனில் உங்களோடு முட்டிக்கொண்டிருக்கும் அணியோடு நேருக்கு நேர் ஆடும் தொடர். அதை வேலையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். 2022 முதல் சமநிலை என்றால் தனியாக ஒரு கூடுதல் ஆட்டம் கிடையாது. நேருக்கு நேர் ஆடியதில் யார் கை மேலோ அவருக்கே இடம். 2025 செப்டம்பர் 19 முதல் 21 வரை மாரினர்ஸ் ஹியூஸ்டனுக்குப் போய் மூன்றையும் ஜெயித்தது. முன்னிலையும் டைபிரேக்கரும் ஒன்றாகக் கையில் வந்தன. 24ஆம் தேதி டிவிஷன் உறுதி, 2001க்குப் பிறகு முதல் முறையாக. அன்று எங்கள் கேட்சர் கேல் ராலி 59ஆவது, 60ஆவது ஹோம் ரன்களை அடித்தார். நாள் முழுக்க முழங்கால் மடக்கி உட்காரும் கேட்சர் ஒருவர் 60 அடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று இன்னும் எனக்கு ஆச்சரியம். அதே வருடம் நேஷனல் லீக்கில் சின்சினாட்டியும் நியூயார்க் மெட்ஸும் 83 வெற்றியோடு சமமாக முடித்தன. டைபிரேக்கர் சின்சினாட்டியிடம் இருந்ததால் மெட்ஸ் வீட்டுக்குப் போனது.

ப்ளே ஆஃபுக்கு லீக்குக்கு ஆறு அணி. முதல் இரண்டு டிவிஷன் வெற்றியாளர்களுக்கு முதல் சுற்று ஓய்வு. மற்ற நான்கும் மூன்று ஆட்டத் தொடர். எல்லாமே மேல்நிலை அணியின் மைதானத்தில். அடுத்தது ஐந்து ஆட்டத் தொடர். பிறகு லீக் இறுதியும் உலகத் தொடரும் ஏழு ஏழு.

இங்கே உங்கள் புல்பென் தாளின் விதிகள் தலைகீழாகும். நாளை என்று ஒன்று இல்லாததால் ஸ்டார்ட்டர்களையும் ரிலீவர்களாக இறக்குவார்கள். சாதாரண சீசனில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத் தொடங்குவார்கள். அக்டோபரில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் 2025 அக்டோபர் 10 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனது. ஜார்ஜ் கர்பி தொடங்கினார். லோகன் கில்பர்ட், லூயிஸ் கஸ்தீயோ என்று இரண்டு ஸ்டார்ட்டர்கள் புல்பென்னிலிருந்து வந்தார்கள். ஹோர்ஹே போலாங்கோ அடித்து 3-2 என்று முடிந்தபோது எழுதிக்கொண்டிருந்த பென்சில் மழுங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து டொரான்டோவில் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். எங்களுக்கு 3-1 முன்னிலை, ஏழாவது இன்னிங்ஸ், பேஸில் எதிரணியின் இரண்டு பேர். எங்கள் மேனேஜர் டேன் வில்சன் ரிலீவர் எடுவார்ட் பசார்டோவை அழைத்தார். டொரான்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன். 4-3, சீசன் முடிந்தது. குளோசர் அந்த்ரேஸ் முன்யோஸை ஏன் அப்போதே அழைக்கவில்லை என்று ஊரில் இன்னும் சண்டை. என் வீட்டுக்காரர் மேனேஜர் பக்கம்: சீசன் முழுக்க இழுத்துக்கொண்டு வந்த கையை அந்த நேரத்தில் நம்பினார், இதில் என்ன தப்பு என்பார். என் கட்சி வேறு. ஏழாவது இன்னிங்ஸில் ஆட்டம் போகப்போகிறது என்றால் ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆளை ஒன்பதாவது இன்னிங்ஸுக்காக வைத்திருப்பதில் அர்த்தமில்லை. மாதக்கணக்காகத் தாள் எழுதியவர்களுக்கு மட்டும்தான் இப்படிச் சண்டை போடும் தகுதி என்று இருவரும் ஒத்துக்கொள்கிறோம்.

அடுத்த வருட அட்டவணை வந்ததும்

அடுத்த சீசன் அட்டவணை இந்த சீசன் முடியுமுன்பே வெளிவந்துவிடும். அச்செடுத்து மூன்று நிறத்தில் குறியுங்கள். டிவிஷன் எதிரிகளோடு ஆடும் ஆட்டங்கள் ஒரு நிறம். அணிக்கு 13 வீதம் 52 வரும், நேரடியாகப் பார்க்க வேண்டியவை இவைதான். ஓய்வு நாளே இல்லாமல் பத்துப் பதிமூன்று நாள் நீளும் பகுதிகள் இன்னொரு நிறம். புல்பென் அங்கேதான் உடையும். செப்டம்பர் கடைசி இரண்டு வாரம் மூன்றாவது நிறம். அங்கே யார் யார் எதிரணி, சொந்த ஊரா வெளியூரா என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் போவதற்கு வார நாள் மதிய ஆட்டம் ஒன்றைப் பிடியுங்கள். டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு, லைட் ரெயிலில் ஸ்டேடியம் நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். மாரினர்ஸின் மைதானமான டி-மொபைல் பார்க்கில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள்; புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். மழை வந்தால் கூரையை இழுத்து மூடுவார்கள், ஆனால் பக்கவாட்டில் திறந்துதான் இருக்கும். ஏப்ரல், மே ஆட்டத்துக்குக் கண்டிப்பாக ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.